கிறிஸ்தவக் கம்பர் கிருஷ்ண பிள்ளை

மோதி பாக்கில் வாழும் நம்மவருள் நெல்லைச் சீமையினர் சிலர் உளர். ஊரை விட்டு வந்த வருத்தம் நமக்குப் புதிதன்று. எனினும் விடுமுறை கிடைத்ததும் வண்டியேறி விடுகிறோம். வாசலில் நம்மை வரவேற்க ஆளிருக்கிறது. சென்ற இடத்தில் உற்றார் முகங்கொடுத்துப் பேசாவிடில் எவ்வாறிருக்கும்? அத்துயரை அறிந்த ஒரு புலவரின் வரலாற்றை இம்மலரில் எழுத விழைந்தோம்.

எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1827ஆம் ஆண்டு திருநெல்வேலியைச் சார்ந்த கரையிருப்பில், வைணவ வேளாளர் குடியிற் பிறந்தார். தந்தையார் கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். ஆகவே கம்பன் கவி பிள்ளைப் பருவத்திலேயே அவர் செவியில் விழுந்தது. 1853இல் சாயர்புரத்துக் கிறிஸ்தவக் கல்விச்சாலையில் தமிழாசிரியரானார். சம்பளம் அவர்களுடையது, சமயம் தம்முடையது என்றே இருந்தார். அவர்கள் சமயத்தின்பால் அப்பொழுது அவருக்குப் பற்றில்லை.

பின்னர் அவருடைய தம்பியார் கிறிஸ்தவரானார். நண்பர் சிலரும் அவ்வழி சென்றனர். அவர்கள் தந்த நூல்களைப் படித்த பிள்ளையவர்களின் உள்ளம் நெடுநாள் அலைந்தது. 1858இல் சென்னை சென்று ஞானஸ்நானம் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்பது அன்று அவர் ஏற்ற பெயர். உறவினர் கொதித்தனர். இக்காலத்தில் இதனைச் சிறிய செய்தி என எண்ணுவோர் இருக்கலாம். குலமும் கோயிலும் பந்தியுமே வாழ்வாக இருந்த அந்நாளில், முப்பத்தோராம் வயதில் அவற்றைத் துறப்பது எளிதோ? உறவினரை நாம் பழிக்கவில்லை. அவர்கள் வருத்தமும் உண்மையானதே.

சென்னையில் அவர் தினவர்த்தமானி இதழிற் சில காலம் துணையாசிரியராயிருந்தார். பின்னர் நெல்லைச் சீமைக்கே மீண்டு தமிழ் கற்பித்தார். அங்கேதான் அவருடைய பெருநூல் பிறந்தது.

ஆங்கில நாட்டு ஜான் பனியன், அனுமதியின்றிச் சமயம் போதித்ததற்காகப் பெட்போர்டு சிறையிற் பன்னிரண்டு ஆண்டுகள் அடைபட்டவர். அவர் எழுதிய மோட்சப் பிரயாணக் கதை 1678இல் வெளிவந்தது. அதில் ஓரிடம் நமக்கு மிகவும் பிடிக்கும். பயணியையும் அவன் தோழனான நம்பிக்கையையும் அவநம்பிக்கை என்னும் அரக்கன் தன் கோட்டையில் அடைத்து அடிக்கிறான். உயிரை மாய்த்துக்கொள்ளுமாறு தூண்டுகிறான். சில நாள் கழித்தே, கோட்டைப் பூட்டுகளைத் திறக்கும் வாக்குத்தத்தம் என்னும் சாவி தன் மார்பிலேயே இருப்பது பயணிக்கு நினைவு வருகிறது. அத்தனை நாளும் அது அங்கேயே இருந்தது! கதை முடிவில் மரண ஆற்றைக் கடக்கையில் பயணி மூழ்கத் தொடங்குகிறான். அவன் தலையை நீருக்கு மேல் தாங்கிப் பிடிப்பவனும் அந்த நம்பிக்கையே.

பிள்ளையவர்கள் இக்கதையைத் தழுவி, பனியன் பாடாத கிறிஸ்துவின் பாடுகளையும் சேர்த்து, ஐந்து பருவங்களில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களாக யாத்தார். இரட்சணிய யாத்திரிகம் என்னும் அக்காப்பியம் 1894இல் நூலாயிற்று. பயணிக்கு அவர் இட்ட பெயர் ஆத்துமவிசாரி. பழைய உறவுகளை விட்டவர் கம்பனை விடவில்லை என்பதே நமக்கு வியப்பு. தந்தை வீட்டில் கேட்ட விருத்த நடையே புதிய சமயத்தைப் பாட அவருக்கு உதவிற்று. கிறிஸ்தவக் கம்பர் என்று தமிழுலகம் அவரை அழைப்பது அதனாலேயாம்.

1899இல் இரட்சணிய மனோகரம் என்னும் அவருடைய பக்திப் பாடல் நூல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரித் திங்களில், எழுபத்திரண்டாம் வயதில், அவரும் அந்த ஆற்றைக் கடந்தார்.