பெர்லின் குளிரிலிருந்து கரோல்பாக் வாடகைக் கட்டிடத்துக்கு: மர்ஹூம் டாக்டர் ஜாகிர் ஹுசைன்



பெருங்களத்தூர், வண்டலூர், தாம்பரம் பக்கத்து நம் குடும்பங்களில் சில ஆண்டுகளாக ஜெர்மனி பேச்சு அதிகம் கேட்கிறது. வண்டலூர் கிரசென்டிலும் சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலும் பொறியியல் முடித்த பிள்ளைகள் மேற்படிப்புக்கு பெர்லின், மியூனிக் என்று போகிறார்கள். டிசம்பர் வந்துவிட்டால் உம்மாமார்களுக்குக் கவலை தொடங்கிவிடும். ஹீட்டர் வேலை செய்கிறதா, ஹலால் கறி கிடைக்கிறதா, தொழ இடம் இருக்கிறதா என்று வீடியோ காலில் கேள்விமேல் கேள்வி. கொஞ்சம் பனி இறங்கினாலே குல்லாவும் மஃப்ளரும் தேடும் ஊர்க்காரர்கள் நாம். கவலைப்படாமல் என்ன செய்வோம்?

ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் அதே பெர்லின் குளிரில் படித்தவர்தான், பின்னாளில் இந்தியாவின் முதல் முஸ்லிம் குடியரசுத் தலைவரான டாக்டர் ஜாகிர் ஹுசைன். இளையான்குடி கல்லூரியின் பெயரால் அவரை நம்மில் பலருக்குத் தெரியும். பதவிகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. நாம் இங்கே சொல்ல நினைப்பது பெர்லினைப் பற்றியும், அங்கிருந்து அவர் திரும்பி வந்ததைப் பற்றியும்.

1897 பிப்ரவரி 8 அன்று ஹைதராபாத்தில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் உத்தரப் பிரதேசத்தின் காயம்கஞ்ச். பத்து வயதில் தந்தையை இழந்தார். சில ஆண்டுகளில் பிளேக் நோய் தாயையும் கொண்டுபோனது. எடாவா இஸ்லாமியா பள்ளியிலும் பிறகு அலிகரிலும் படித்தார். 1920 அக்டோபரில் ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்று அரசு உதவி பெறும் கல்லூரியை விட்டு வெளியேறியவர்களில் அவரும் ஒருவர். அவர்களுக்காக அலிகரிலேயே தொடங்கப்பட்டதுதான் ஜாமிஆ மில்லியா இஸ்லாமியா.

1922-ல், 25 வயதில், மனைவி ஷாஜஹான் பேகத்தை ஊரில் விட்டுவிட்டு பெர்லின் போனார். பழைமையான அரச நகரம்தான். ஆனால் அவர் பார்த்தது போரில் தோற்று நொந்து கிடந்த பெர்லினை. டிசம்பரில் அங்கே சூரியன் காலை 8 மணிக்குப் பிறகுதான் தலைகாட்டும், மாலை 4 மணிக்கு முன்பே மறைந்துவிடும். லுஹருக்கும் மஃரிபுக்கும் நடுவே நான்கு மணி நேரம் கூட இருக்காது. 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்ற அளவுக்குப் பணம் செல்லாக்காசாகிப் போனது. ரொட்டி வாங்கப் பணத்தைக் கட்டுக்கட்டாக எடுத்துப் போன காலம். ஒரு நாட்டின் நாணயம் எப்படிச் சாகிறது என்பதைப் பொருளாதாரம் படிக்க வந்தவர் தெருவிலேயே பார்த்தார்.

பேராசிரியர் வெர்னர் சோம்பார்ட்டிடம் படித்து, பிரிட்டிஷ் இந்தியாவின் வேளாண் அமைப்பு பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். கைவேலை வழியாகக் குழந்தைகளுக்குக் கல்வி தர வேண்டும் என்ற கெர்ஷன்ஸ்டைனரின் சிந்தனை அவரை ஈர்த்ததும் அங்கேதான். பெர்லினில் ஈரானியர் நடத்திய காவியானி அச்சகத்தில் மிர்ஸா காலிபின் உர்தூ திவானை அழகிய சிறு நூலாகக் கொண்டுவந்தார். அதற்காகத் தாமே உட்கார்ந்து எழுத்துக் கோத்தார். முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர் கையெல்லாம் மையோடு நின்ற அந்தக் காட்சி நமக்கு மிகவும் பிடித்தது.

இதற்கிடையில் இங்கே ஜாமிஆ தள்ளாடிக்கொண்டிருந்தது. 1924-ல் துருக்கியில் கிலாஃபத் ஒழிக்கப்பட்டதும் கிலாஃபத் குழுவின் பணம் நின்றுபோனது. 1925-ல் ஹகீம் அஜ்மல் கானின் முயற்சியால் ஜாமிஆ டெல்லி கரோல்பாக்குக்கு இடம் மாறியது. அதற்குள் மூடிவிடலாம் என்ற பேச்சும் வந்துவிட்டது. செய்தி ஜெர்மனிக்கு எட்டியதும் ஜாகிர் ஹுசைனும் நண்பர்கள் ஆபித் ஹுசைன், முஜீப் ஆகியோரும் தங்கள் வாழ்நாளை அதற்கே தரத் தயார், நாங்கள் வரும்வரை மூடவேண்டாம் என்று தெரிவித்தார்கள். 1926-ன் தொடக்கத்தில் மூவரும் வந்து சேர்ந்தார்கள். 29 வயதில் ஜாகிர் ஹுசைன் ஜாமிஆவின் துணைவேந்தர். பெயர்தான் துணைவேந்தர். இருந்தது வாடகைக் கட்டிடமும் கடனும். அஜ்மல் கான் வஃபாத்தான பிறகு நிலைமை இன்னும் மோசமானது. 20 ஆண்டுகள் பணியாற்றுவோம், மாதம் 150 ரூபாய்க்கு மேல் வாங்கமாட்டோம் என்று ஆசிரியர்கள் உறுதி எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தொகையும் பல மாதங்கள் முழுதாகக் கிடைக்கவில்லை.

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் திரும்பியே ஆகவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கல்விக் கடன் இருக்கும், தங்கையின் நிக்காஹ் இருக்கும். அவரவர் வீட்டுக் கணக்கு அவரவருக்குத்தான் தெரியும். ஆனால் ஜாகிர் ஹுசைனுக்கும் குடும்பம் இருந்தது. அந்தச் சுமையை அவர் வீட்டாரும் சேர்ந்தே சுமந்தார்கள்.

ஜாமிஆவினர் இன்றும் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு அவர் இனிப்பு வழங்கிக்கொண்டிருந்தபோது, அவருடைய சின்ன மகள் ரைஹானா மவுத்தாகிவிட்ட செய்தியை ஒருவர் காதில் வந்து சொன்னார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவர் முகம் வெளிறியது, ஆனாலும் கை நிற்கவில்லை. மகிழ்ச்சியாக இருந்த பிள்ளைகளின் முகம் வாட அவருக்கு மனம் வரவில்லை. கடைசிக் குழந்தைக்கும் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

1935 மார்ச் 1 அன்று ஓக்லாவில் சொந்தக் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். பெரிய மனிதர்கள் பலர் இருக்க, கல்லை வைத்தது பள்ளியிலேயே வயதில் சிறிய மாணவர். கெர்ஷன்ஸ்டைனரிடமிருந்து எடுத்துக்கொண்டது வீணாகவில்லை. 1937-ல் வார்தாவில் காந்திஜி ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தபோது அதற்கு வடிவம் கொடுத்த குழுவின் தலைவர் ஜாகிர் ஹுசைன்தான்.

பிறகு வந்தவை அலிகர் துணைவேந்தர், பீகார் ஆளுநர், 1962-ல் குடியரசுத் துணைத் தலைவர், 1963-ல் பாரத ரத்னா, 1967 மே 13 முதல் குடியரசுத் தலைவர். 1969 மே 3 அன்று பதவியில் இருக்கும்போதே வஃபாத்தானார். ஜாமிஆ வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

பெர்லினில் அவருக்கு நட்பான கெர்டா ஃபிலிப்ஸ்போர்ன் என்ற யூதப் பெண்மணியையும் சொல்ல வேண்டும். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த சமயத்தில் அவர் இந்தியா வந்து, ஜாமிஆவின் சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தந்தார். பிள்ளைகள் அவரை ஆபா ஜான் என்று அழைத்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியர் என்பதால் பிரிட்டிஷார் அவரைக் காவலில் வைத்தார்கள். விடுதலையாகித் திரும்பிய அவர், 1943-ல் புற்றுநோயால் இறந்து ஜாமிஆ அடக்கத்தலத்தில் அடக்கமானார். இன்று அங்கே ஒரு மகளிர் விடுதியும் குழந்தைகள் காப்பகமும் அவர் பெயரில் இயங்குகின்றன.