நகரங்களுக்கு வைத்தியம் பார்த்த பேராசிரியர்

வடாலா ஸ்டேஷனில் இறங்கி மாதுங்கா பக்கம் நடந்தால் 'ஃபைவ் கார்டன்ஸ்' வரும். அகன்ற தெருக்கள், மர நிழல், இடம் விட்டுக் கட்டிய பழைய வீடுகள்.

இந்தப் பேட்டை உருவானதற்குக் காரணம் ஒரு கொள்ளை நோய்!

1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. வெயிலும் காற்றும் நுழையாத சால்களில் மக்கள் கொத்துக் கொத்தாக மடிந்தனர். 1898-ல் அரசு, நகர் அபிவிருத்தி டிரஸ்டை அமைத்தது. தாதர், மாதுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் புதிய குடியிருப்புகளுக்குத் திட்டம் போட்டது.

அதே டிரஸ்ட், நகரின் நடுவே ஏழைகளின் வீடுகளை இடிக்கவும் செய்தது. வீடு இழந்தவர்கள் எங்கே போவார்கள்? பலர் பக்கத்துச் சந்துகளில் இன்னும் நெருக்கமாகக் குடியேறினார்கள்.

நோயை விரட்ட வீட்டை இடிப்பதா? அல்லது வீட்டுக்குள் வெளிச்சத்தைக் கொண்டு வருவதா? இந்தக் கேள்வியோடு இந்தியாவுக்கு வந்தவர் பாட்ரிக் கெடிஸ்.

இருட்டறையில் சில வாரங்கள்

கெடிஸ் 1854-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தார். பட்டணத்துப் படிப்பு அவருக்கு உயிர் நூல். பேர் பெற்ற விஞ்ஞானி ஹக்ஸ்லியிடம் பாடம் கேட்டார். மைக்ராஸ்கோப்தான் அவர் உலகம்.

1879-ல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ போனார். அங்கே பார்வை மங்கியது. கண்ணுக்கு ஓய்வு கொடுக்க அவரை இருட்டறையில் வைத்தார்கள். சன்னல் சட்டங்களை விரலால் தடவித் தடவி, அந்தக் கட்டங்களை வைத்தே யோசிக்கப் பழகினார். பார்வை திரும்பியது. ஆனால் மைக்ராஸ்கோப்பில் நெடுநேரம் பார்க்க முடியவில்லை. செடியைப் பார்த்த கண், மனிதன் வாழும் இடத்தைப் பார்க்கத் தொடங்கியது.

சேரியில் குடித்தனம்

1886-ல் ஆனா மார்ட்டன் என்ற பெண்ணை மணந்தார். எடின்பரோவில் வசதியான வீட்டை விட்டு, பழைய நகரில் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த பல மாடிக் கட்டடத்தில் இருவரும் குடியேறினர்.

சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தனர். முற்றத்துக் குப்பையை அள்ளினர். சன்னலில் பூந்தொட்டி வைத்தனர். அக்கம்பக்கத்தாரும் கூடச் சேர்ந்தனர். இடிந்து விழும் நிலையில் இருந்ததை மட்டும் எடுத்துவிட்டு, மற்றதைப் பழுது பார்த்தால் போதும் என்று அங்கேதான் கண்டுகொண்டார்.

எம்டன் மூழ்கடித்த கப்பல்

சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபு அவரை இந்தியாவுக்கு அழைத்தார். நகர அமைப்பு பற்றிய படங்கள், வரைபடங்கள் எல்லாம் 'கிளான் கிராண்ட்' என்ற கப்பலில் ஏற்றப்பட்டன.

1914 செப்டம்பரில் சென்னையைக் குண்டு வீசிக் கலக்கிய ஜெர்மன் கப்பல் எம்டன், அடுத்த மாதமே மினிக்காய் தீவுக்கு அருகே கிளான் கிராண்டை மூழ்கடித்தது. பல ஆண்டு உழைப்பு கடலுக்குள் போய்விட்டது!

கெடிஸ் துவளவில்லை. நண்பர்கள் வேறு படங்களைத் திரட்டி அனுப்பினர். 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக செனட் மண்டபத்தில் கண்காட்சி நடந்தது.

தஞ்சைத் தெருக்களில்

பிறகு தமிழ்நாட்டு ஊர்களுக்குப் புறப்பட்டார். தஞ்சாவூரில், நெருக்கமான வீடுகளைப் பிளந்து நேர் நேராகப் புதுத் தெருக்கள் போட ஒரு திட்டம் இருந்தது. கெடிஸ் சந்து சந்தாக நடந்து பார்த்தார். அந்தத் தெருக்கள் தேவையே இல்லை என்று கண்டார்.

பாழடைந்த சில வீடுகளை மட்டும் எடுத்தால் போதும். காலி மனைகளைச் சேர்த்துச் சிறு திடல் ஆக்கி மரம் வைக்கலாம். எல்லா வீட்டுக்கும் காற்று வரும். செலவும் குறையும். குடியிருப்பவர் தெருவில் நிற்க வேண்டியதில்லை. நல்ல வைத்தியர் நோயுள்ள இடத்தில் மட்டும் கத்தி வைப்பது போன்ற முறை இது. மதுரைக்கும் இதே வழியைச் சொன்னார்.

மகாராஜாவான பேராசிரியர்

1917 அவருக்குச் சோதனை ஆண்டு. மூத்த மகன் அலாஸ்டர் பிரான்ஸ் போர்முனையில் இறந்தார். இந்தியாவில் மனைவி காய்ச்சலில் கிடந்தார். மகன் செத்த செய்தியை அவரிடம் சொல்ல கெடிஸுக்கு வாய் வரவில்லை. அது தெரியாமலே ஆனாவும் கண்ணை மூடினார்.

துக்கத்தோடு வேலையைத் தொடர்ந்தார். இந்தூரில் பிளேக் பயம் இருந்தது. தீபாவளி ஊர்வலத்துக்காக அவரை ஒரு நாள் மகாராஜா ஆக்கினார்கள். எந்தத் தெருவில் வீடுகள் அதிகம் சுத்தமாகின்றனவோ அந்தத் தெரு வழியே ஊர்வலம் வரும் என்று அறிவித்தார். ஊரே குப்பையை அள்ளியது. ஊர்வலத்தில் துப்புரவுத் தொழிலாளர்கள் வெள்ளுடை அணிந்து கௌரவமாக நடந்தனர். ராட்சத எலிப் பொம்மை எரிக்கப்பட்டது.

பம்பாயில்

1919-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியர் ஆனார். அப்போது வொர்லி, நைகாம் பகுதிகளில் அரசு வரிசை வரிசையாகக் கான்கிரீட் சால்களைக் கட்டியது. மனிதரைச் சரக்குப் போல அடுக்கும் கிடங்கு அது என்பது கெடிஸின் கண்டனம்.

டிரஸ்ட் தலைவராக இருந்த ஓர் என்பவர் அதற்கு முன்பே ஒரு விதி வகுத்திருந்தார். சன்னலுக்கு எதிரே உள்ள கட்டடம் 40 அடி உயரம் என்றால், நடுவே சுமார் 20 அடி திறந்தவெளி வேண்டும். அறைக்குள் வானத்து வெளிச்சம் விழ அதுவே கணக்கு.

உடல்நலம் கெட்டு 1924-ல் கெடிஸ் பம்பாயை விட்டார். பிரான்ஸின் மான்பெலியே நகரில் 1932 ஏப்ரல் 17-ல் காலமானார். சர் பட்டம் கிடைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

2018-ல் வெளியான ஓர் ஆய்வு, செம்பூருக்கு அப்பால் கோவண்டி, மான்கூர்ட் மறுவாழ்வுக் கட்டடங்களைப் பார்த்தது. கட்டடங்கள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. வெயில் படாத கீழ் மாடிகளில் காசநோய் அதிகம் என்று அது கண்டது.

குடிசை போய்க் கட்டடம் வந்துவிட்டது. வெளிச்சம் இன்னும் வரவில்லை. தஞ்சைச் சந்துகளில் கெடிஸ் கேட்ட கேள்விக்கு பம்பாய் இன்னும் பதில் சொல்லியாக வேண்டும்.