பெ. சுந்தரம் பிள்ளை

பெ. சுந்தரம் பிள்ளை (ஏப்ரல் 4, 1855 - ஏப்ரல் 26, 1897) மனோன்மணீயம் (1891) நாடகத்தின் ஆசிரியர் ஆவார். ஆலப்புழையில் பிறந்த இவர், திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் மெய்யியல் பேராசிரியராகப் பணியாற்றினார். கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளைக் குருவாகக் கொண்ட சைவர். அறிவுத் துறைகளை வகைப்படுத்தும் நூற்றொகை விளக்கம் என்னும் நூலையும் எழுதினார்.

திருஞானசம்பந்தர் பற்றிய கால ஆய்வே இவரது அரும்பணி எனலாம். சம்பந்தர் காலத்துப் பாண்டியனை 13ஆம் நூற்றாண்டுச் சுந்தர பாண்டியனாகக் கொண்ட கால்டுவெல், சம்பந்தரையும் அந்நூற்றாண்டினராகவே கருதினார். சுந்தரம் பிள்ளை இதனைச் சமயப் பற்றைக் காட்டி மறுக்கவில்லை. சம்பந்தரைச் சுட்டும் முந்தைய நூல்களையும் கல்வெட்டுகளையும் ஒப்பிட்டு, அவர் 7ஆம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவர் அல்லர் என வாதிட்டார். பிற்கால ஆய்வாளர் பெரும்பாலோர் அந்நூற்றாண்டையே ஏற்றனர்.

மனோன்மணீயத்தின் தமிழ்த் தெய்வ வணக்கத்தில் ஒரு பகுதியைத் தமிழ்நாடு அரசு 1970இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. அதைப் பாடுவோர் பலருக்கும் இவ்வாய்வு தெரியாது.