அடையாறு மாளிகைக்குப் பின்னால ஒரு கல்மிக் கூடாரம்!

ஆவடிக்காரங்ககிட்ட ரஷ்யான்னு சொன்னா சட்டுனு ஞாபகம் வர்றது டாங்க்தான். டி-72, டி-90 எல்லாம் நம்ம ஃபேக்டரியில இருந்து உருண்டு போனவை. யார் வீட்டுலயாவது அப்பாவோ மாமாவோ அங்கே வேலை பார்த்திருப்பாங்க. ஆனா சென்னைக்கும் ரஷ்யாவுக்கும் அதைவிடப் பழைய தொடர்பு ஒண்ணு இருக்கு. அதே ஆவடி ஸ்டேஷன்ல ரயில் ஏறி, சென்ட்ரல்ல இறங்கி, அடையாறுக்கு பஸ் பிடிங்க. பெரிய ஆலமரத்தைப் பார்க்கப் போவோமே, அந்த பிரம்மஞான சபை... அதை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் ஹெலினா பிளவாட்ஸ்கி.

1831-ல், இன்றைய உக்ரைனின் டினிப்ரோ நகரத்தில் பிறந்தவர். அப்பா ராணுவ அதிகாரி, அம்மா நாவலாசிரியர். அப்பாவுக்கு அடிக்கடி டிரான்ஸ்ஃபர். அதனால் பிள்ளைகள் பாதி நாள் தாத்தா, பாட்டி வீட்டில்தான். அந்தத் தாத்தாவுக்கு 1830-களின் நடுவில் ஒரு வித்தியாசமான போஸ்டிங் கிடைத்தது. வோல்கா ஆற்றங்கரையில் அஸ்ட்ரகான் பகுதி. அங்கிருந்த கல்மிக் மக்களைக் கவனித்துக்கொள்ளும் அரசு அதிகாரி அவர்.

யார் இந்த கல்மிக்? மேற்கு மங்கோலியப் பக்கமிருந்து 1600-களின் தொடக்கத்தில் குதிரைகளோடும் ஆடுமாடுகளோடும் வோல்கா வரை வந்தவர்கள். ஐரோப்பாவுக்குள்ள இருந்துகிட்டே திபெத்திய பௌத்தத்தைக் கும்பிட்ட மக்கள். கம்பளியால் மூடிய வட்டக் கூடாரம்தான் வீடு. புல் தீர்ந்தால் அதைப் பிரித்து ஏற்றிக்கொண்டு அடுத்த இடம். டீயில் பால், வெண்ணெய், உப்பு போட்டுக் குடிப்பார்கள். (உப்பு டீயான்னு முகம் சுளிக்காதீங்க, வெட்டவெளிக் குளிருக்கு அதுதான் தெம்பு!) 'ஜங்கர்' என்ற வீர காவியத்தை, மனப்பாடமாகப் பாடும் பாணர்களிடம் விடிய விடியக் கேட்பார்கள்.

1771-ல் ரஷ்யாவின் பிடி இறுகியதும், சுமார் 1.7 லட்சம் பேர் ஒரே வீச்சில் பழைய தாயகத்துக்குக் கிளம்பினார்கள். வழியில் பாதிக்கு மேல் அழிந்துபோனார்கள். அந்தக் குளிர்காலத்தில் ஆறு சரியாக உறையவில்லை. அதனால் மேற்குக் கரையில் இருந்தவர்களால் கடந்து போக முடியவில்லை. அப்படித் தங்கிப்போனவர்களின் பேரப்பிள்ளைகளைத்தான் அஞ்சாறு வயசு ஹெலினா பார்த்தாள்.

அங்கே தியுமென் என்ற கல்மிக் இளவரசர் இருந்தார். நெப்போலியனுக்கு எதிரான போரில் கல்மிக் குதிரைப்படையைப் பாரிஸ் வரை நடத்திப்போனவர். அந்த வெற்றியின் நினைவாக வோல்கா கரையில் ஒரு பௌத்தக் கோயில் எழுப்பினார்கள். ரெண்டு பக்கமும் கை விரித்த மாதிரி வளைந்த தூண் வரிசை. பீட்டர்ஸ்பர்க் தேவாலயம் ஒன்றைப் பார்த்துச் செய்த அமைப்பு அது. உள்ளே லாமாக்கள், மந்திரம், சாம்பிராணிப் புகை. ஒரு கிறிஸ்தவக் குழந்தைக்கு இதெல்லாம் எப்படி இருந்திருக்கும்! அம்மா அதை வைத்து ஒரு நாவலே எழுதிவிட்டார். கல்மிக் ரத்தம் கலந்த ஒரு பெண்ணின் கதை, 1838-ல் வெளிவந்தது. 1842-ல் 28 வயதிலேயே அம்மா இறந்துபோனார்.

ஹெலினாவுக்கு 17 வயசுல கல்யாணம். மாப்பிள்ளை அவரைவிட ரொம்பவே மூத்தவர். சில மாசத்துலயே குதிரை ஏறி ஓடிட்டாங்க. அதுக்கப்புறம் இருபது வருஷக் கணக்கு யாருக்கும் சரியா வராது. திபெத்தில் மகாத்மாக்களிடம் படித்ததாக அவரே சொன்னார், ஆய்வாளர்கள் பலர் நம்பவில்லை. 1875-ல் நியூயார்க்கில் கர்னல் ஆல்காட்டுடன் சேர்ந்து சபையைத் தொடங்கினார். 1879-ல் பம்பாய். 1880-ல் இலங்கை காலியில் இருவரும் பஞ்சசீலம் ஏற்றார்கள். 1882 கடைசியில் அடையாறு.

அடையாறு நிம்மதி அதிக நாள் நீடிக்கவில்லை. மகாத்மாக்களின் கடிதங்கள் அவர் அறைப் பக்கமிருந்த அலமாரியில் தானாகத் தோன்றும் என்றார்கள். 1884-ல் அங்கே வேலை பார்த்த ஒரு தம்பதி, எல்லாமே ஏற்பாடுதான் என்று கடிதங்களை வெளியே விட்டார்கள். லண்டனிலிருந்து ஆள் வந்து விசாரித்து, 1885-ல் அவரை மோசடிக்காரர் என்று அறிக்கை கொடுத்தார்கள். அதற்கு முன்பே, அந்த வருஷம் மார்ச் கடைசியில், உடம்பு முடியாமல் கப்பல் ஏறிவிட்டார். திரும்பி வரவே இல்லை. நூறு வருஷம் கழித்து, 1986-ல், அந்த விசாரணையே ஒருதலையானது என்று அதே அமைப்பின் இதழில் ஒரு கட்டுரை வந்தது தனிக்கதை.

அலமாரி விஷயத்துல என்னால அவங்களுக்கு வக்காலத்து வாங்க முடியல. ஆனா அவங்களுக்கு பௌத்தம் எங்கிருந்து வந்ததுன்னு கேட்டா, திபெத் வரைக்கும் போகத் தேவையில்லன்னு தோணுது. அஞ்சு வயசுல மூக்குல ஏறின சாம்பிராணி வாசம் போதுமே! இமயமலை குருக்களைப் பத்தி அவ்வளவு பேசினவங்க, கல்மிக் மக்களைப் பத்திப் பேசினது ரொம்பக் குறைவு. எனக்கு அதுதான் வருத்தம்.

1891 மே 8-ல் லண்டனில் இறந்தார். அந்த நாளை இன்றும் அடையாறில் 'வெண்தாமரை நாள்' என்று அனுசரிக்கிறார்கள். கல்மிக் மக்களுக்கு அதைவிடக் கொடுமையான ஒரு நாள் காத்திருந்தது. 1943 டிசம்பர் 28-ல், எதிரிக்கு உதவினார்கள் என்று ஸ்டாலின் அரசு மொத்த இனத்தையும், 90,000 பேருக்கு மேல், ரயிலில் அடைத்து சைபீரியாவுக்கு அனுப்பியது. ஊர் திரும்ப 1957 வரை காத்திருந்தார்கள். இப்போ கல்மிக் பசங்க பௌத்தம் படிக்க வர்றது நம்ம பக்கத்து கர்நாடகாவுல இருக்கிற முண்ட்கோடு திபெத்திய மடத்துக்கு. தியுமென் கோயிலின் வளைந்த தூண் வரிசை இடிக்கப்பட்டாலும், நடுக்கட்டடம் வோல்கா கரையில் இன்னும் நிற்கிறது.