சிவனொளிபாதத்தைக் கதையாக்கிய அறிஞர்

விஞ்ஞானப் புனைகதையை வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்குவோர் நம்மிடையே இன்றும் உளர். அன்னார் ஆதர் சி. கிளார்க் அவர்களின் வாழ்க்கையை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.

முதலாம் உலக மகாயுத்தம் நடந்துகொண்டிருந்த 1917-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் திகதி, இங்கிலாந்தின் மைன்ஹெட் என்னும் கடற்கரையூரில் அவர் பிறந்தார். தந்தையார் அப்போரில் நச்சுப்புகையால் நலிவுற்றவர். பண்ணைத் தொழில் செய்து 1931-இல் காலமானார். மைந்தனுக்கு அப்போது வயது 13. தந்தை கொடுத்த சிகரெட் அட்டையொன்றில் இருந்த டைனோசரின் படமே அச்சிறுவனின் விஞ்ஞான வேட்கைக்கு வித்தாயிற்று. பல்கலைக்கழகம் புகப் பொருள்வசதியின்றி, 1936-இல் இலண்டன் சென்று கணக்காய்வு உத்தியோகத்தில் அமர்ந்தார். இரண்டாம் மகாயுத்தத்தில் ஆகாயப்படையிற் சேர்ந்து, பார்வைக்கெட்டாத வானிலையில் விமானங்களைத் தரைக்கு இறக்கும் ராடார்ப் பணியில் ஈடுபட்டார். செய்மதித் தொடர்பு பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1945-இல் வெளிவந்தது.

'குழந்தைப் பருவத்தின் முடிவு' என்னும் நவீனம் 1953-இல் வந்தது. அதில் வேற்றுலகத்தார் தோன்றிப் போரை ஒழிக்கின்றனர். ஈற்றிலோ பெற்றோர் தம் பிள்ளைகளை இழக்கின்றனர். இளமையில் தந்தையை இழந்தவரின் துயரம் இங்கே திசைமாறி நிற்கின்றது என்றே நான் கருதுகின்றேன்.

1956-இல் அவர் இலங்கையிற் குடியேறினார். 1979-இல் வெளிவந்த 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' என்ற நவீனத்தில், நமது சிவனொளிபாத மலையை மாதிரியாகக் கொண்ட சிகரமொன்றிலிருந்து விண்வெளிக்குத் தூக்கியொன்றை அமைத்துக் காட்டினார். சிகிரியாக் காசியப்பனின் சாயலில் படைக்கப்பட்ட, தந்தையைக் கொன்ற மன்னனொருவனும் அதில் வருகின்றான்.

மஸ்கெலியாப் பகுதித் தோட்டப் பாடசாலையொன்றில் நான் ஆசிரியனாயிருந்த காலத்தில், 1983-ஆம் ஆண்டு வன்செயலைக் கண்டு பேச்சடங்கிய பிள்ளைகள் சிலர் என் வகுப்பில் இருந்தனர். அவர்களுக்கு இக்கதையைச் சொன்னேன். அந்தத் தூக்கியில் ஏறிவிட்டால் எவரும் துரத்திவர இயலாதல்லவா என்று ஒரு சிறுமி வினவினாள். பல மாதங்களின் பின் அவள் வகுப்பிற் பேசிய முதல் வார்த்தை அதுவே. அச்சத்தை நேரே சொல்ல இயலாத உள்ளத்துக்குக் கற்பனை உலகமே மொழியாகின்றது என்பதை அன்று உணர்ந்தேன்.

2007 டிசம்பரில் தமது 90-ஆவது பிறந்தநாளன்று, இலங்கையில் நிலையான சமாதானம் மலர வேண்டுமென்பதையும் தம் விருப்பங்களுள் ஒன்றாக அவர் வெளியிட்டார். 2008 மார்ச் 19-ஆம் திகதி கொழும்பில் மறைந்தார். யுத்தம் ஓய்ந்தது 2009 மே மாதத்தில். ஒரு போரின் நிழலிற் பிறந்தவர், மற்றொரு போரின் முடிவைக் காணாமலே கண்மூடினார்.