பிரசாய்

பிரசாய் (செப்டம்பர் 9, 1899 – ஜூலை 8, 1984) பிரான்சில் வாழ்ந்த ஒளிப்படக் கலைஞரும் எழுத்தாளரும் சிற்பியும் ஆவார். 1930களில் பாரிஸ் நகரின் இரவு வாழ்க்கையைப் படம் பிடித்தமைக்காகப் பெரிதும் அறியப்படுகிறார். 1932 ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான இவருடைய "இரவுப் பாரிஸ்" என்னும் நூல் ஒளிப்பட வரலாற்றின் முக்கிய நூல்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. பழைய நகரம் ஒன்றை இரவில் நடந்து திரிந்து படமெடுக்கும் மரபு இந்நூலால் வலுப்பெற்றது.

பெயரும் பிறப்பும்

இவரது இயற்பெயர் ஜூலா ஹலாஸ். ஆஸ்திரியா-அங்கேரிப் பேரரசின் டிரான்சில்வேனியாப் பகுதியில் பிராஷோ என்ற ஊரில் பிறந்தார். முதலாம் உலகப் போருக்குப் பின் இப்பகுதி ருமேனியாவுடன் இணைந்தது. ஊரின் ருமேனியப் பெயர் பிரஷோவ் என்பதாகும். பிரசாய் என்பது "பிராஷோ ஊரினர்" எனப் பொருள்படும் புனைபெயர். ஊர் வேறு நாட்டுக்குச் சென்றுவிட்ட பின்னர் அதன் பெயரையே தம் பெயராகக் கொண்டார்.

தந்தை அங்கேரியர், பிரெஞ்சு இலக்கியம் கற்பித்த ஆசிரியர். தாய் ஆர்மீனிய வழிவந்தவர். பிரசாய் சிறுவனாக இருந்தபோது தந்தையின் பணி காரணமாகக் குடும்பம் ஓராண்டு பாரிசில் தங்கியது.

கல்வி

புடாபெஸ்ட் நகரின் நுண்கலைக் கழகத்தில் ஓவியமும் சிற்பமும் பயின்றார். முதலாம் உலகப் போரில் குதிரைப் படைப்பிரிவில் பணியாற்றினார். 1920 இல் பெர்லின் சென்று, அங்கேரிய இதழ்களுக்குச் செய்திகள் எழுதியபடியே ஓவியக் கல்வியைத் தொடர்ந்தார். 1924 இல் பாரிசை அடைந்தார். மார்செல் புரூஸ்ட்டின் நூல்களைப் படித்தே பிரெஞ்சு மொழியைத் தேர்ச்சியாகக் கற்றார். எழுத்தாளர்கள் ஹென்றி மில்லர், ஜாக் பிரெவெர் முதலியோர் அவருக்கு நண்பர்களாயினர்.

ஒளிப்படத்துக்கு வருதல்

இதழாளராகப் பிழைத்த தொடக்க ஆண்டுகளில் பிரசாய் ஒளிப்படக் கலையை மதித்தவர் அல்லர். இரவில் வேலை செய்து, விடியும் வரை நகரில் நடப்பது அவர் வழக்கம். அந்நடைகளில் கண்டவற்றை எழுத்தாலோ ஓவியத்தாலோ பிடிக்க இயலாது என்று உணர்ந்தபோது, 1930 ஆம் ஆண்டளவில் ஒளிப்படக்கருவியைக் கையில் எடுத்தார். அங்கேரியரான ஆந்திரே கெர்டேசின் நட்பும் இதற்குத் தூண்டுதலாக அமைந்தது எனக் கருதப்படுகிறது.

செய்முறை

இரவில் ஒளி மிகக் குறைவு. அதனால் ஒளிப்படக்கருவியின் ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருக்க வேண்டும். அந்நேரத்தில் கருவி அசைந்தால் படம் கலங்கிவிடும். 1920களில் இதற்கு ஒரு மாற்று வழி தோன்றியது. அகன்ற துவாரமுள்ள வில்லையுடன் எர்மனாக்ஸ் என்ற கருவியும், 1925 இல் சிறிய படச்சுருளைப் பயன்படுத்தும் லைக்கா கருவியும் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தன. எரிக் சாலமன் 1928 முதல் எர்மனாக்சைக் கொண்டு நீதிமன்றங்களிலும் மாநாட்டு அரங்குகளிலும், உள்ளிருப்போர் அறியாதபடி படங்கள் எடுத்தார்.

பிரசாய் இவ்வழியைப் பின்பற்றவில்லை. கண்ணாடித் தகடுகளைப் பயன்படுத்தும் ஃபோக்ட்லேண்டர் நிறுவனத்தின் பெர்க்ஹைல் கருவியையும் ஒரு முக்காலியையும் அவர் சுமந்து சென்றார். தகட்டின் அளவு 6.5 × 9 செ.மீ. தகடுகள் கனமானவை என்பதால் ஓர் இரவில் சில படங்களே எடுக்க முடிந்தது. ஒளியளவு காட்டும் கருவியின்றி, ஒரு சிகரெட் எரிந்து முடியும் நேரத்தைக் கொண்டு ஷட்டரைத் திறந்து வைக்கும் நேரத்தைக் கணக்கிட்டார். இருள் மிகுந்தால் தடித்த சிகரெட் தேவைப்பட்டது.

மழையும் மூடுபனியும் அவருக்கு உதவின. ஈரக் காற்று விளக்கொளியைப் பரப்பி, ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான கடுமையைக் குறைத்தது. நனைந்த கல்பாவிய தெருக்கள் ஒளியைத் திருப்பி அனுப்பின. விளக்கு நேராக வில்லையில் படாதவாறு அதனை ஒரு மரத்தின் அல்லது சுவரின் பின்னே மறைத்துக் கருவியை நிறுத்துவார்.

இம்முறையில் நடந்து செல்வோர் தகட்டில் பதிவதில்லை அல்லது மங்கலாகவே பதிவர். அவருடைய தெருக்கள் பல ஆளற்றுத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம். மதுக்கடைகளிலும் நடன அரங்குகளிலும் மனிதர்களைப் படமெடுக்க மக்னீசியத் தூளை எரித்து ஒளி உண்டாக்க வேண்டியிருந்தது. பெரும் வெளிச்சமும் புகையும் எழுவதால் மறைவாகப் படமெடுக்க வழியில்லை. எனவே முதலில் அவர்களுடன் பழகி, ஒப்புதல் பெற்று, அசையாமல் இருக்கச் செய்த பின்னரே படமெடுத்தார். சில படங்களில் அவருடைய நண்பர்களே வாடிக்கையாளர்களாக நடித்துள்ளனர். எனவே இப்படங்களை முழுமையாக எதிர்பாராக் கணத்தின் பதிவுகள் எனக் கொள்ள இயலாது. ஒருவகையில் இவை எடுப்பவரும் எடுக்கப்படுபவரும் சேர்ந்து உருவாக்கிய படங்களாகும்.

இரவுப் பாரிஸ்

அறுபதுக்கும் மேற்பட்ட படங்களைக் கொண்ட "இரவுப் பாரிஸ்" நூலை ஆர் ஏ மெத்தியே கிராஃபிக் நிறுவனம் வெளியிட்டது. எழுத்தாளர் போல் மொரான் முன்னுரை எழுதினார். ஆழ்ந்த கருமையைத் தரும் ஒளிச்செதுக்கு முறையில் படங்கள் அச்சிடப்பட்டன.

சேன் ஆற்றுப் பாலங்கள், நோத்ர் டாம் பேராலயம் முதலிய புகழ்பெற்ற இடங்களுடன், டிராம் தண்டவாளத்தைப் பற்றவைப்போர், கழிவுக்குழி துப்புரவு செய்வோர், லே ஆல் சந்தைத் தொழிலாளர், வீடற்றோர் ஆகியோரும் இந்நூலில் இடம்பெற்றனர். நோத்ர் டாம் கோபுரத்தில் இரவில் ஏற அனுமதி இல்லாததால், காவல் பணியிலிருந்த பெண்ணுக்குப் பணம் கொடுத்து மேலே சென்றார். பிளாஸ் திதாலி பகுதியில் ஒரு திருட்டுக் கும்பலுடன் பழகிப் படமெடுத்தபோது தம் பணப்பையை இழந்தார். எனினும் காவல்துறையில் முறையிடவில்லை.

நூலில் இடம்பெற்ற ஒருவர், போலி நகைகளை அடுக்கி அணிந்து மோன்மார்த்ர் மதுக்கடையில் அமர்ந்திருந்த முதிய பெண். "பிஜு" என்று அழைக்கப்பட்டவர். நூலில் தம்மைப் பற்றி எழுதப்பட்டிருந்ததைக் கண்டு சினமுற்று அவர் பதிப்பகத்துக்கே வந்ததாகப் பிரசாய் பின்னாளில் எழுதினார். படமெடுக்க ஒப்புக்கொண்டவர் அப்படத்தின் விளக்கத்துக்கும் ஒப்புக்கொண்டவர் ஆகார் என்பதற்கு இந்நிகழ்வு எடுத்துக்காட்டாகும்.

வெளிவராத படங்கள்

விலைமகளிர் இல்லங்கள், அபினிக் கூடங்கள், தன்பாலீர்ப்பினர் கூடும் நடன அரங்குகள் ஆகியவற்றில் எடுத்த படங்கள் பலவற்றை அக்காலத்தில் வெளியிட இயலவில்லை. 1930களின் நடுவில் ஒரு பதிப்பகம் சிலவற்றைத் தரமற்ற முறையில் வெளியிட்டது. அதனைப் பிரசாய் தம் நூலாக ஏற்கவில்லை. 1976 இல்தான் "முப்பதுகளின் மறைவான பாரிஸ்" என்ற பெயரில் தம் குறிப்புகளுடன் இப்படங்களை வெளியிட்டார்.

அதற்குள் அப்படங்களில் உள்ள உலகம் மறைந்துவிட்டது. விலைமகளிர் இல்லங்கள் 1946 இல் சட்டத்தால் மூடப்பட்டன. லே ஆல் சந்தை 1969 இல் நகருக்கு வெளியே மாற்றப்பட்டது. அதன் இரும்புக் கூடங்கள் 1971 முதல் இடிக்கப்பட்டன. தம் காலத்தில் ஒழுக்கக்கேடாகக் கருதப்பட்ட படங்கள் இவ்வாறு வரலாற்று ஆவணங்கள் ஆயின.

போர்க்காலமும் பிற ஆக்கங்களும்

1940 முதல் 1944 வரை பாரிஸ் ஜெர்மனியின் பிடியில் இருந்தது. ஒளிப்படம் எடுக்க ஆக்கிரமிப்பாளரிடம் அனுமதி கேட்கப் பிரசாய் மறுத்தார். அதனால் தொழிலை இழந்து, ஓவியம் வரைவதற்கும் சிற்பம் செய்வதற்கும் திரும்பினார். இக்காலத்தில் ஓவியர் பாப்லோ பிக்காசோவின் சிற்பங்களை அவருடைய கலைக்கூடத்தில் படமெடுத்தார். அச்சந்திப்புகளின் குறிப்புகளே 1964 இல் "பிக்காசோவுடன் உரையாடல்கள்" என்ற நூலாயின.

பாரிஸ் சுவர்களில் பெயரறியாதோர் கீறிய உருவங்களையும் பல்லாண்டுகள் படமெடுத்தார். இவை 1956 இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் காட்சிப்படுத்தப்பட்டன. அதே ஆண்டில் விலங்குகள் பற்றிய அவருடைய குறும்படம் கான் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது.

இறுதிக்காலம்

1948 இல் ஜில்பெர்த் புவாயே என்பவரை மணந்தார். பாரிசுக்கு வந்து 25 ஆண்டுகள் கழிந்த பின்னர், 1949 இல் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார். 1984 இல் தெற்குப் பிரான்சில் காலமானார். இளமையில் இரவுதோறும் நடந்து திரிந்த மோன்பர்னாஸ் பகுதியின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

தாக்கம்

"இரவுப் பாரிஸ்" நூலைப் பின்பற்றி, பில் பிராண்ட் 1938 இல் இலண்டன் நகரின் இரவைப் பற்றிய நூல் ஒன்றை வெளியிட்டார். உணர்திறன் மிகுந்த படச்சுருள்களும் பின்னர் எண்ணிமக் கருவிகளும் வந்ததால், முக்காலியின்றிக் கையில் பிடித்தவாறே இரவுத் தெருவைப் படமெடுப்பது எளிதாயிற்று. எடுக்கப்படுபவர் அறியாமலே எடுத்துச் செல்வதும் அதனால் எளிதாயிற்று. பிரசாயின் மெதுவான கருவி அவரை மனிதர்களிடம் பேச வைத்தது. அவருடைய படங்களில் உள்ளவர்கள் அச்சமின்றி நேராகப் பார்ப்பதற்கு இதுவே காரணம் எனலாம்.