கணக்கும் உயிரும்: பேரறிஞர் ஹால்டேன்

விடியுமுன் போடியில் வரிசையாக நிற்கும் ஜீப்புகளை நாம் அறிவோம். ஏலத்தோட்ட வேலைக்குச் செல்வோர் ஏறுகின்றனர். சிலர் மனம் மாறி இறங்கிவிடுகின்றனர். மற்றவர்களை மலைமேல் சேர்த்துவிட்டு ஜீப் மீண்டும் ஆள் ஏற்ற வருகிறது. நம் உயிரணுக்களில் நொதிகள் செய்வதும் ஏறத்தாழ இதே வேலைதான். அந்தப் போக்குவரத்துக்குக் கணக்கு வகுத்தவர்களுள் ஒருவர் ஜே. பி. எஸ். ஹால்டேன்.

1892 நவம்பர் 5 அன்று இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் அவர் பிறந்தார். தந்தை புகழ்பெற்ற உடலியல் அறிஞர். இளமையிலேயே தந்தையின் சோதனைகளுக்குத் துணை நின்ற ஹால்டேன், கல்லூரியில் பயின்றதோ கணிதமும், பின்னர் கிரேக்க, இலத்தீன் இலக்கியமும்! அறிவியலில் அவர் பட்டமே பெறவில்லை. முதல் உலகப் போரில் காயமுற்று மீண்டு, 1923இல் கேம்பிரிட்ஜில் உயிர்வேதியியல் துறையில் சேர்ந்தார்.

நொதியும் வினைப்பொருளும் சேர்வதும் பிரிவதும் விரைவில் சமநிலை எய்தும் எனக் கொண்டு, 1913இல் மைக்கேலிசும் மென்டெனும் ஒரு சமன்பாடு தந்திருந்தனர். அந்தக் கட்டாயம் தேவையில்லை என்று 1925இல் பிரிக்சும் ஹால்டேனும் காட்டினர். ஏறுவோர் வேகம், பாதியில் இறங்குவோர் வேகத்தையும் மலை சேர்வோர் வேகத்தையும் கூட்டிய அளவுக்குச் சமமானால், ஆள் ஏறிய ஜீப்புகளின் எண்ணிக்கை மாறாது. அதுவே நிலைத்த நிலை. ஜீப்புகள் அனைத்தும் நிரம்பிவிட்டால், எத்தனை பேர் காத்திருந்தாலும் வேகம் கூடாது!

நோய் எதிர்ப்புக்கான டி உயிரணு கிருமியின் அடையாளத்தைக் கண்டதும், எல்.சி.கே. என்னும் நொதி, ஜாப்-70 என்னும் மற்றொரு நொதியில் பாஸ்பேட்டை ஏற்றி அதைத் தூண்டுகிறது. இத்தகைய தூண்டலுக்கு இன்று கணித மாதிரி அமைப்போர் பலருக்கும் அச்சமன்பாடு முதற்படி. ஆனால் அது, நொதி சிறிதாகவும் வினைப்பொருள் மிகுதியாகவும் உள்ள சோதனைக்குழாய்க்கே நன்கு பொருந்தும். உயிரணுவுக்குள் இரண்டும் ஒத்த அளவில் இருந்தால் கணக்கைத் திருத்தியாக வேண்டும்.

1957இல் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற்கு வந்த ஹால்டேன், 1961இல் இந்தியக் குடிமகனானார். விலையுயர்ந்த கருவிகளுக்காக அவர் காத்திருக்கவில்லை. எண்ணச் சொன்னார். எஸ். கே. ராய் பவழமல்லிப் பூவின் இதழ்களை எண்ணினார். டி. ஏ. டேவிஸ் தென்னையின் இடச்சுழி, வலச்சுழிகளை ஆராய்ந்தார். 1964 டிசம்பர் 1 அன்று புவனேசுவரத்தில் ஹால்டேன் புற்றுநோயால் மறைந்தார். அவர் விருப்பப்படியே உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு, மாணவர் பயில, அளிக்கப்பட்டது.

என் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். விலங்கியலில் சேர்ந்த அன்று, கணக்கின் தொல்லை ஒழிந்தது என்று மகிழ்ந்தேன். அது எத்தனை பெரிய தவறு என்பதை அறிவியல் பட்டமே பெறாத இப்பேரறிஞரின் வாழ்வு உணர்த்தியது. நண்பர்களே! ஆய்வு தொடங்க மாளிகை தேவையில்லை. பார்க்கும் கண்ணும், எண்ணும் பொறுமையும் போதும். இரண்டும் நம்மிடம் உண்டு.